ஆலை வாசனை

செவ்வாய், 3

காலையிலேயே கொளுத்துகிறது. கழுத்தில் ஈரத் துண்டு. என் நரம்பு வியாதி எம்.எஸ்.ஸுக்கு வெயில் ஆகாது, சூடேறினால் கண் மங்கும். தலையில் தையல் பிரித்தாயிற்று. வெள்ளிக்கிழமை பயாப்ஸி ரிசல்ட். மூளையிலிருந்து எடுத்த கட்டி நல்லதா கெட்டதா, அன்று தெரியும். பயம்தான். அதைவிடப் பரபரப்பு. இதுவரை மூன்று டீ.

வாங்க: வலிப்பு மாத்திரை, தலைக்குக் கட்டப் பருத்தித் துணி, முறுக்கு.

புதன், 4

நினைத்தால் இன்னும் சிரிப்பு. ஆறு மாதமாக, திடீர் திடீரென்று வெல்லம் தீய்ந்த வாசனை. கூடவே அரை நிமிஷம் ஒன்றும் புரியாமல் நிற்பேன். திருவாலங்காட்டுப் பக்கக் காற்று, ஆலையில் கரும்பு அரைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். புரியாமல் நிற்பதற்குக் காரணம் எம்.எஸ். என்று. ஒன்பது வருஷமாக எந்தப் பழியும் அதன் தலையில்தானே. ஒருநாள் என் வீட்டுக்காரர் டேவிட்டிடம், "இன்னாங்க, ஆலை வாசனை இப்டி தூக்குது?" என்றேன். சட்டைப் பொத்தானைப் போடாமல் அப்படியே நின்றார். "இன்னாம்மா சொல்ற? அங்க அரவையே இன்னும் ஆரம்பிக்கல."

அந்த வாரமே ஸ்கேன். மூளையில் எம்.எஸ். போட்ட பழைய புள்ளிகளுக்கு நடுவில் புதிதாக ஒரு கட்டி. இல்லாத வாசனை வந்ததும் புரியாமல் நின்றதும் அது கிளப்பிய சின்ன வலிப்பாம்.

வியாழன், 5

மார்க்கெட். பூக்காரக்கா என் மொட்டையைப் பார்த்துவிட்டு, "மலைக்குப் போயி முடி குடுத்துகினு வந்தியா கண்ணு? முருகன் கைவுட மாட்டான்."

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் நான். "இல்லக்கா, ஆஸ்பத்திரில வழிச்சாங்க. மண்டையில ஆபரேசன். நாளைக்கு ரிசல்ட்டு."

"யார் வழிச்சா இன்னா? நான் வேண்டிக்கினு இருக்கேன், போ."

ஒரு முழம் மல்லி கொடுத்தாள். வைக்க முடி ஏது. கையில் சுற்றிக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது, ஏனென்று தெரியவில்லை.

வெள்ளி, 6

ரயிலில். மணவூர் தாண்டியாயிற்று. எழுத்து கோணுகிறது, பரவாயில்லை.

டாக்டர் சொன்னது அப்படியே: "அபூர்வமான கட்டிங்க. உங்க வயசுல, அதுவும் எம்.எஸ். இருக்கிறவங்களுக்கு, நான் பாத்ததே இல்ல. ஆனா கெட்டது இல்ல. முழுசா எடுத்துட்டோம்."

டேவிட், "ஆங்... ஆங்..." பிறகு, "முழுசாவாங்க?" மூன்று தடவை கேட்டார். டாக்டரும் மூன்று தடவை சொன்னார். இப்போது எதிர் சீட்டில் அழுதுகொண்டே வேர்க்கடலை தின்கிறார். பக்கத்து ஆள் தள்ளி உட்கார்ந்துவிட்டான்.

கதிர்வீச்சு வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். வலிப்பு மாத்திரை தொடரணும். மற்றபடி எனக்கு எம்.எஸ். மட்டும்தான்.

மட்டும்தான். ஒன்பது வருஷத்தில் அந்த வியாதிக்குப் பக்கத்தில் இந்தச் சொல்லை இன்றுதான் எழுதுகிறேன்.