யுவராணி ரெடிமேட்ஸில் யுவராணிக்கு வேலை இல்லை

திருச்சுழி,
புரட்டாசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் யுவராணிக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறேன், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடி இருக்கவேண்டும் என்று தினமும் சாமியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் கடையில் சம்பளத்துக்கு நின்ற முத்துலட்சுமியைக் கூட்டாகச் சேர்த்துவிட்டேன். பேசி முடித்தாயிற்று. அதனால் நீ வேலையை விட்டுவிட்டு இங்கே வரவேண்டாம். ஆபீசில் ராஜினாமா எழுதிக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக்கொள், கொடுக்காமல் இருந்தால் கிழித்துப் போடு. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒன்று ஆரம்பித்தால் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் சொல்லவந்ததை விட்டுவிட்டு சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். எழுதினால் நீ குறுக்கே அழ முடியாது, அழுதாலும் எனக்குக் கேட்காது.

அப்பாவின் கருமாதி முடிந்து நீ ரயில் ஏறிப் போனபிறகு இங்கே நடந்ததை உனக்குப் பாதிதான் சொன்னேன். கருமாதி அன்றைக்கு உன் மாமன் முனீஸ்வரன் பிறந்த வீட்டுக் கோடி என்று என்மேல் ஒரு சேலை போட்டானே, அரக்குக் கலரில் சின்னக் கரை வைத்தது, அது நம் கடைச் சேலை. அடைத்துக் கிடந்த கடையை முத்துலட்சுமியை வைத்துத் திறந்து எடுத்திருக்கிறான், அக்காவுக்குச் சொல்லிவிடாதே என்று அவளிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறான் பாவம், அவசரத்துக்கு அருப்புக்கோட்டை போய்வர நேரமில்லை. மேலே விழுந்ததும் கரையைத் தொட்டுப் பார்த்தேன், விரலுக்குத் தெரிந்துவிட்டது. சித்திரையில் மதுரையில் நானே விரித்துப் பார்த்து எடுத்த ரகம். கொஞ்சம் வயசானவர்களுக்கு ஓடும் என்று நினைத்து எடுத்தேன், யாருக்கு என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும். உன் அப்பாதான் அந்த பண்டலையும் பஸ்ஸில் இருந்து இறக்கினார். ஆடித் தள்ளுபடிக்கு வந்த பண்டலை இறக்கும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். அந்தச் சரக்கை இன்னும் நான் பிரிக்கவில்லை.

முப்பதாம் நாள் கழிந்து கடையைத் திறந்தேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய, சுவரைப் பார்த்து அழுவதற்குக் கல்லாவில் உட்கார்ந்து அழுதால் நாலு நைட்டியாவது போகும் என்று நினைத்தேன். நைட்டி போனது, பாவாடை போனது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சட்டை போனது. பரளச்சி குருவம்மாள் வந்தாள். அவள் மகள் பெரிய மனுஷி ஆகியிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை சடங்கு. அந்தப் பிள்ளையே கையோடு வந்து, நீ போட்டோ அனுப்பி இந்தத் தீபாவளிக்கு இதுதான் ஓடும்மா என்று சொன்னாயே வெளிர் கத்தரிப்பூக் கலர், அந்தப் பாவாடை தாவணியைத்தான் கை காட்டியது. போனில் பார்த்திருக்கிறதாம். டெல்லிப் பக்கம் குர்கானில் இருந்து நீ சொன்ன கலர் பரளச்சிக்கு எனக்கு முன்னாலேயே வந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம். எப்போதும் செய்கிற மாதிரி துணியை மடித்துப் பையில் போட்டு, உள்ளே ஒரு மஞ்சள் கிழங்கும் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினேன். குருவம்மாள் கையை நீட்டவில்லை. முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "அப்படி வைங்க மதினி, எடுத்துக்கிறேன்" என்று மேசையைக் காட்டினாள். வைத்தேன். அதற்கப்புறமும் எடுக்கவில்லை, முத்துலட்சுமியைப் பார்த்தாள். முத்துலட்சுமி புரிந்துகொண்டு வந்து, பையை எடுத்து அந்தப் பிள்ளை கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தனக்குள் கன்னடத்தில் என்னமோ முணுமுணுத்தாள், அவள் வீட்டுப் பேச்சு எனக்கு விளங்காது என்றாலும் அது நல்ல வார்த்தை இல்லை என்று விளங்கியது.

குருவம்மாளை நீ திட்டாதே. உன் அப்பா செத்த அன்றைக்கு முதல் ஆளாக வந்து விழுந்து அழுதவள் அவள், நமக்குச் சோறு ஆக்கிக் கொண்டுவந்தவள். அவளுக்கு என்மேல் ஒன்றும் இல்லை, தன் பிள்ளைமேல் பயம். புருஷனைப் பறிகொடுத்தவள் கையில் இருந்து நல்ல காரியத்துத் துணியை வாங்கினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். ஆனால் ஒன்று சொல்கிறேன், மீதிச் சில்லறையை மட்டும் என் கையில் இருந்துதான் வாங்கினாள், தயங்கவே இல்லை. அன்றைக்கு மத்தியானம் அதை நினைத்துக் கொஞ்சம் சிரித்தேன், அப்புறம் அழுதேன்.

அவள் ஒருத்தி என்றால் விட்டுவிடலாம். நரிக்குடியில் இருந்து கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்தவர்கள் வாசல்வரைக்கும் வந்து, நான் தனியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனார்கள். அந்த நேரத்தில் எந்த பஸ்ஸும் கிடையாது. தினப்படி உடுத்துகிற துணிக்கு என் கை ஆகும், நல்ல நாளுக்கு ஆகாது. நம் ஊரில் துணிக்கடை நடப்பதே நல்ல நாளில்தான். உங்கள் துணிக் கம்பெனி ஆபீசில் வெயிலுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று சீசன் வைத்திருக்கிறீர்கள். இங்கே வெயில் என்றைக்கும் இருக்கிறது, அதற்கு யார் துணி எடுப்பார்கள். தீபாவளி ஒரு சீசன், மழை பெய்து மிளகாயும் பருத்தியும் வீட்டுக்கு வந்தால் பங்குனியில் அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒரு சீசன், நடுவில் கல்யாணம், சடங்கு, காதுகுத்து. இது அத்தனையும் என் கையை விட்டுப் போனால் நைட்டியை வைத்து வாடகை கட்ட முடியாது.

இதை மனம் தாளாமல் போனில் உன்னிடம் உளறியது என் தப்பு. நீ உடனே நான் வந்து கடையில் நிற்கிறேன், என் கையால் கொடுக்கிறேன், வேலையை விட்டுவிடுகிறேன் என்றாய். அன்றைக்கு ராத்திரி எனக்கு இருந்த இருப்பில் வந்துவிடு தாயி என்று வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நீ வேலைக்குச் சேர்ந்து உன் அப்பா பார்த்தது எத்தனை நாள். ஆனி மாத வெயிலில் உங்கள் ஆபீசில் கம்பளிக் கோட்டை வரிசையாக மாட்டிவைத்து, இந்தக் கலரா அந்தக் கலரா என்று பெரியவர்கள் சண்டை போட்டார்கள், நான் கைநீளத்தை அளந்து அளந்து கம்ப்யூட்டரில் போட்டேன் என்று நீ சொன்ன அன்றைக்கு அவர் என்ன சிரிப்பு சிரித்தார். "ஏ மாரிக்கனி, நம்ம மக தை மாசத்துக் குளிரை ஆனியிலேயே விக்கிறா பாத்துக்க" என்று எனக்குச் சொல்லி, அது போதாது என்று டீக்கடையில் போய் எல்லாருக்கும் சொல்லி, ஆவணியிலேயே தீபாவளிச் சரக்கு எடுக்கிற நம் புத்திதான் பிள்ளைக்கும் வந்திருக்கிறது என்று பெருமை அடித்துக்கொண்டார். தலையில் துணி மூட்டை வைத்துக்கொண்டு நான் ஊர் ஊராக நடந்த காலத்தில் நீ என் இடுப்பில் இருந்தாய். உன்னை இறக்கிவிட்டது திரும்ப இந்தக் கல்லாவில் உட்காரவைப்பதற்கு இல்லை. இன்னொன்றும் யோசித்துப் பார். இன்றைக்கு உன் கை கன்னிப் பெண்ணின் கை என்று வாங்குவார்கள். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறக்கத் தாமதமானால் அதற்கு ஒன்று சொல்லி வாங்கமாட்டார்கள். ஊர்க்காரர்களின் பயத்துக்குத் தக்கபடி நீ உன் கையைக் காட்டிக்கொண்டே இருக்க முடியாது.

நீ அங்கே படுகிற பாடும் எனக்குத் தெரியாமல் இல்லை. ரூமில் கூட இருக்கிற பிள்ளைகள் பேசுகிற ஹிந்தி பாதி புரியவில்லை, மெட்ரோவில் நின்றுகொண்டே போகிறாய், மத்தியானச் சாப்பாட்டைத் தனியாகத் தின்கிறாய், ஆபீசில் எல்லாரும் கறுப்பு உடுத்துகிறார்கள் என்று நீயும் கறுப்பாக வாங்கி வைத்திருக்கிறாய். அப்பா போன துக்கத்துக்குக் கறுப்பு என்று யாராவது நினைப்பார்களோ என்று ஒருநாள் கேட்டாய். யாரும் நினைக்கமாட்டார்கள், அவர்கள் பாட்டைப் பார்ப்பார்கள். புதுசாக வேலைக்குச் சேர்ந்தவளுக்கு முதல் வருஷம் அப்படித்தான் இருக்கும். ஒரு வேலை மட்டும் எனக்குச் செய். அடுத்த பங்குனிக்கு என்ன கலர், கை எவ்வளவு நீளம், பேண்ட் தொளதொளவென்றா இறுக்கமாகவா என்று இப்போது மாதிரியே போட்டோ அனுப்பு. அங்கே இருந்து நீ செய்கிற இந்த உதவியை இங்கே கடையில் நின்றால் உன்னால் செய்ய முடியாது.

இதோடு ஒரு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். அங்கே கார்த்திகையில் இருந்தே குளிரும் என்றாய். இத்தனை வருஷம் துணி விற்றும் நான் கம்பளியைத் தொட்டதில்லை. மதுரையில் எடுக்கும்போதே கடைக்காரன் "அக்கா, ஊட்டிக்கா, கொடைக்கானலுக்கா?" என்று கேட்டான், குர்கான் என்றதும் ஒரு மாதிரிப் பார்த்தான். வருஷம் திரும்புகிறவரைக்கும் நம் வீட்டில் புதுசு உடுத்தக் கூடாது, உனக்கும் கூடாது. சரி, ஒருதடவை துவைத்துவிட்டால் பழசுதானே என்று வெந்நீரில் சோப்பு போட்டு, கல்லில் நாலு அடி அடித்து, வெயிலில் காயப்போட்டேன். சாயங்காலம் போய் எடுத்தால் அது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆகிறமாதிரிச் சுருங்கிக் கிடக்கிறது. முத்துலட்சுமி தூக்கிப் பிடித்துப் பார்த்து, "துணிக்கடைக்காரம்மா துவைச்ச லெச்சணத்தப் பாரு" என்று சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உன் அப்பா போனபிறகு கடையில் கேட்ட முதல் சிரிப்பு. அதை அவள் மகளுக்குக் கொடுத்துவிட்டேன், அருப்புக்கோட்டை வெயிலில் அந்தப் பிள்ளை என்றைக்குப் போடும் என்று தெரியவில்லை. நான் மறுபடி மதுரைக்குப் போய் இன்னொன்று எடுத்தேன். இதைத் துவைக்கப் பயம். நானே ஒருபொழுது போட்டுப் பழசாக்கிவிடலாம் என்று நினைத்தேன். கையில் எடுத்தவள் கொஞ்ச நேரம் போடாமல் உட்கார்ந்திருந்தேன், உன்னிடம் மறைப்பானேன். குருவம்மாளுக்கு வந்த பயம் எனக்கும் வந்தது. பெற்ற பிள்ளைக்கே என் கை ஆகாது என்றால் அப்புறம் நான் எதற்கு என்று நினைத்து மாட்டிக்கொண்டேன். விளக்கு வைக்கிற நேரம்வரைக்கும் போட்டிருந்தேன், வேர்த்து ஊற்றிவிட்டது. இப்போது அது புதுசு இல்லை. தைரியமாகப் போட்டுக்கொள். கறுப்பு எடுக்கவில்லை, மெரூன்.

முத்துலட்சுமியிடம் பேசியதைச் சொல்லி முடிக்கிறேன். நான் பின்கட்டில் சரக்கோடு இருந்துகொள்கிறேன், முன்னால் நீ நின்று வியாபாரம் பண்ணு என்றுதான் முதலில் கேட்டேன். அவள் கோபித்துக்கொண்டாள். "நீங்க கல்லாவுல உக்காந்தாத்தான் நான் துணியத் தொடுவேன்க்கா, இல்லைன்னா நான் அருப்புக்கோட்டையிலயே இருந்துக்கிறேன்" என்றாள். மஞ்சள் கிழங்கை மட்டும் நீங்கள் பையில் போட்டு வையுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்றும் சொன்னாள். அது வேண்டாம் என்றேன். வாங்குகிறவர்களுக்குத் தெரியாமல் ஒன்றை உள்ளே வைத்து நான் இதுவரை விற்றதில்லை. அப்புறம் அவள் உன்னைப் பற்றிக் கேட்டாள். "நாளைக்கு யுவா வந்து நின்னா நான் பழையபடி சம்பளக்காரிதானேக்கா" என்றாள். நியாயமான கேள்வி. அதற்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நீ சம்மதிக்கமாட்டாய், நானும் உறுதியாக நின்றிருக்கமாட்டேன்.

காய்ச்சல் வந்தால் மறைக்காதே. தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கவேண்டாம், சும்மா தலைக்குக் குளி. ஆபீசில் இனிப்புக் கொடுத்தால் வாங்கிக்கொள், மறுக்காதே. அப்பாவின் திதிக்குக் கட்டாயம் லீவு போட்டு வா, டிக்கெட்டை இப்போதே எடுத்து வை. நீண்ட ஆயுசோடு, கைத்தொழிலோடு, யாருக்கும் கையை மறைக்காமல் நீ நன்றாக இருக்கவேண்டும்.

இதுதான் பேசி முடித்தது: சரக்கு எடுப்பது நான். நல்ல காரியத்துத் துணியைக் கையில் கொடுப்பது முத்துலட்சுமி. கல்லா என்னுடையது, அது வாசலைப் பார்த்தே இருக்கும். வாடகையும் கரண்டும் போக மிச்சத்தில் பத்துக்கு மூன்று அவளுக்கு. போர்டில் உன் பேர் அப்படியே இருக்கும். அந்தப் பேருக்கு உரியவள் மூன்று தீபாவளிக்குக் கடையில் நிற்கக் கூடாது, நின்றால் கூட்டு முறிந்தது.

இப்படிக்கு,
உன் அம்மா,
சீ. மாரிக்கனி.