அண்ணிக்கு ஒரு ரிவ்யூ

பிப்ரவரி 3, திங்கள்

இன்று முதல் எனக்கு ஃபோன் இல்லாத மேஜை. எட்டு வருடமாக, "இந்த ஸ்க்ரீன் ஏன் வேலை செய்யல?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொன்னவள், இனி அந்த ஸ்க்ரீனையே செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். கஸ்டமர் உதவிப் பிரிவை மூடுகிறார்கள். ஏப்ரல் கடைசியில் சொந்தமாக ஒரு ஸ்க்ரீன் செய்து காட்டினால் இந்த டீமில் இடம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாற்பத்து மூன்று வயதில் பரீட்சை!

இன்னொரு கூத்து. டீமில் என் வேலையைச் சரிபார்க்கப் போகிறவர் என் கொழுந்தனார், கணவரின் சொந்தத் தம்பி. எல்லோர் முன்னாலும் "வாங்க அண்ணி" என்றார். மதியத்துக்குள் மொத்த டீமுக்கும் நான் அண்ணி.

பிப்ரவரி 6, வியாழன்

ஒரு பட்டனை நடுவில் நிறுத்த அரை நாள். இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது. இதற்கு நான் பெற்ற இரண்டும் பரவாயில்லை.

பிப்ரவரி 19, புதன்

எனக்குக் கொடுத்திருப்பது, தொழிற்சாலைகள் சாமான் வாங்குவதற்கான மென்பொருளில் ஒரு ஸ்க்ரீன். ஸ்டோர்காரர் கேட்ட சாமான்கள் வரிசையாக வரும். அங்குள்ள அதிகாரி பார்த்து 'ஒப்புதல்' பட்டனை அழுத்துவார். உடனே ஆர்டர் போய்விடும்.

ஸ்க்ரீனுக்காக நாங்கள் எழுதும் புரோகிராமை இன்னொருவர் படித்து, குறை இருந்தால் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவார். அதற்குப் பெயர் ரிவ்யூ. மற்றவர்களுக்குக் குறிப்பு பக்கம் பக்கமாக வருகிறது. எனக்குக் கொழுந்தனாரிடமிருந்து வருவது ஒரே வரி: "சூப்பர் அண்ணி." கால் தரையில் படவில்லை. எனக்குள் இவ்வளவு திறமை இருந்ததா?

மார்ச் 11, செவ்வாய்

மானம் போய்விட்டது.

மேனேஜர் என் ஸ்க்ரீனைத் திறந்து, ஒப்புதல் பட்டனைப் படபடவென்று இரண்டு தரம் தட்டினார். ஒரு ஆர்டர்தான் போனது. "ரெண்டாவது போகாம நல்லா தடுத்திருக்கீங்களே. எப்படிப் பண்ணீங்க?" என்றார். அப்படி ஒன்றைத் தடுக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து காட்டினார். நான் எழுதியது நாலு வரி. அங்கே ஒரு பக்கம் இருக்கிறது. ஸ்க்ரீன் என்னுடையது, பெயர் என்னுடையது, ஒரு வரிகூடப் புரியவில்லை.

காபி மெஷின் பக்கத்தில் கொழுந்தனாரைப் பிடித்தேன்.

"தம்பி, அதை யார் எழுதினது?"

கப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்க கிளம்பின பிறகு கொஞ்சம் சரி பண்ணி வைப்பேன் அண்ணி."

"எப்பலேருந்து?"

"முதல்லேருந்தே."

"தப்புன்னு ஒரு வார்த்தை எழுத வேண்டியதுதானே?"

"உங்களைப் போய் எப்படி அண்ணி தப்புன்னு எழுதுவேன்? எல்லாரும் படிப்பாங்களே."

மார்ச் 12, புதன்

கோபம் ஆறவில்லை. அவர் மேலா, என் மேலா? மரியாதை கொடுக்கிறேன் பேர்வழி என்று என்னை ஒன்றும் தெரியாதவளாகவே வைத்திருந்திருக்கிறார். ஒப்புக்குச் சப்பாணியா நான்? அஞ்சு வாரம் போச்சு. வேலை போனா என்ன பண்றது — மனுஷன் கெட்ட எண்ணத்துல செய்யல, தெரியும். அதான் இன்னும் எரிச்சல். வாய்விட்டுத் திட்டக்கூட முடியல.

மார்ச் 14, வெள்ளி

மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கொழுந்தனார் எழுதியதை எல்லாம் எடுத்துவிட்டு என் நாலு வரியிலிருந்து தொடங்குகிறேன், ரிவ்யூவுக்கு வேறு ஆள் போடுங்கள் என்றேன். "நேரம் பத்துமா?" என்று கேட்டார். "தெரியலங்க" என்றேன்.

கத்திரியைப் போட்டிருக்கிறார். சின்னப் பெண். யார் வேலையையும் வெட்டாமல் விட்டதில்லை என்பதால் டீம் வைத்த பெயர்.

மார்ச் 16, ஞாயிறு

வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும் கொழுந்தனார் இன்று வரவில்லை.

"அவனைப் பத்தி மேனேஜர்கிட்ட சொன்னியாமே? உனக்கு நல்லதுதானே பண்ணான்?" என்றார் கணவர்.

"உங்க தம்பி இன்னும் கொஞ்சம் நல்லது பண்ணா நான் வீட்லதான் உக்காரணும்" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு அவரே கழுவப் போய்விட்டார். பாவம், இரண்டு பக்கமும் இடி.

மார்ச் 25, செவ்வாய்

கத்திரி கிழி கிழியென்று கிழித்துவிட்டாள். "இது ஏன்?" "இது தேவையே இல்லை." "சர்வர் பதில் சொல்லாவிட்டால் பார்ப்பவர் என்ன செய்வார்?" பாத்ரூமில் போய் முகம் கழுவினேன். அழுதேன் என்றே எழுதலாம், யார் படிக்கப் போகிறார்கள்?

ஆனால் அந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். அழுத்துவார்கள், ஒன்றும் நடக்காது, மறுபடி அழுத்துவார்கள், அப்புறம் எனக்கு ஃபோன் போட்டுக் கத்துவார்கள். எட்டு வருடம் அதைத்தானே கேட்டேன்!

ஏப்ரல் 7, திங்கள்

ஒப்புதல் பட்டனை ஒரு தரம் அழுத்தினால் 'அனுப்பப்படுகிறது' என்று காட்டும். பதில் வரும்வரை எத்தனை தரம் தட்டினாலும் அசையாது. பதில் வராவிட்டால் என்ன ஆயிற்று, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லும். கொழுந்தனார் எழுதியதைவிட நீளம். அழகும் குறைவு. ஆனால் எந்த வரியைக் காட்டிக் கேட்டாலும் சொல்வேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கத்திரியிடமிருந்து இன்று ஒரே ஒரு குறிப்பு. அவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ?

ஏப்ரல் 30, புதன்

காட்டினேன். மேனேஜர் துருவித் துருவிக் கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பழைய ஆர்டரைத் தேடும் பகுதி முடியவில்லை. அதையும் நானே சொன்னேன். டீமில் எடுக்கவில்லை. அனுப்பவும் இல்லை. பயிற்சி இன்னும் மூன்று மாதம்.

கொழுந்தனார் எழுதிய பழையதையே காட்டியிருந்தால் இன்றைக்கே இடம் கிடைத்திருக்குமோ? கிடைத்திருக்கலாம். அப்புறம் தினமும் பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன்.

அறையின் கடைசி வரிசையில் கொழுந்தனார் தலையைக் குனிந்தபடி இருந்தார். வெளியே வந்ததும், "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க தம்பி" என்றேன். தலையாட்டினார்.

மே 4, ஞாயிறு

வந்தார். முதல் வாய் வைத்தார். அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார்.

"அண்ணி... உப்பு ஜாஸ்தி."

கணவரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் சமையலைச் சாப்பிடுகிற கொழுந்தனார், ஒருநாளும் ஒரு குறை சொன்னதில்லை. நான் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். ஜாஸ்திதான். இத்தனை வருடத்தில் எத்தனை நாள் இப்படிப் போட்டேனோ!

"இருங்க தம்பி, சரி பண்ணிட்டு வரேன்" என்று பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போனேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது.