மரவள்ளி துருவும்போது பாடிய மெட்டு

பாரிஸ், மார்ச் 1778

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகன் தியோதா பணிவுடன் எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? இதைப் படித்துக்காட்டும் செலஸ்தீன் அக்காவையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். எனக்குக் கொஞ்சம் இருமல், வேறொன்றுமில்லை.

போன வாரம் சீமாட்டி வெர்னேய் மாளிகையில் நான் எழுதிய வயலின் இசையை வாசித்தோம். நீங்கள் மரவள்ளி துருவும்போது பாடுவீர்களே, அந்த மெட்டுதான். கைதட்டல் ஓய்ந்ததும் சீமாட்டி, "இந்த மெட்டை எங்கேர்ந்து புடிச்ச? கண்ணு கலங்கிடுச்சு" என்றார்.

கரும்புத் தோட்டத்தில் அடிமையாக இருக்கும் என் அம்மாவின் பாட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கூடத்தில் கறுப்பன் நான் ஒருவன்தான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "நானே போட்டதுங்க" என்றுவிட்டேன்.

நேற்று அது அச்சாகி வந்தது. மேலே சீமாட்டியின் தம்பி பெயர். சீமாட்டியிடமே போய்க் கேட்டேன்.

"கறுப்பன் பேரைப் போட்டா எவன் வாங்குவான்? கோவிச்சுக்காதப்பா" என்று சிரித்தார்.

சண்டை போட எனக்கு வாயில்லை. உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதைத்தானே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். என் பிரதியில் மட்டும் அந்தப் பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதினேன். அதை யாரும் பார்க்கப்போவதில்லை.

அடுத்த கப்பலில் கொஞ்சம் மரவள்ளி மாவு அனுப்புங்கள். பாட்டின் வரிகளையும் அக்காவை எழுதச் சொல்லுங்கள். ஒரு வரிகூட எனக்கு நினைவில்லை.

வாசலில் வண்டி வந்துவிட்டது. சீமாட்டி வீட்டு விருந்தில் இன்றும் அதையே வாசிக்க வேண்டுமாம்.

தங்கள் மகன்,
தியோதா