வீட்டு முகவரிக்கு வந்த ஆட்சேபம்

செட்டிபாளையம்
09.06.2023

அன்புள்ள தம்பி ரதீசுக்கு,

நாங்கள் சுகம். நான் தந்துவிட்ட கருவாட்டை நீ இன்னும் பிரிக்கவே இல்லையாம். கொழும்புக்காரனுக்கு மணக்குதாக்கும்!

நகரத்தை எங்கள் பக்கம் விரிக்கும் உங்கள் அலுவலகத் திட்டத்தின் வரைபடத்தை இங்கே ஒட்டியிருக்கிறார்கள். மருதடி வயல் வட்டையின் வடிச்சலுக்கு மேலே வீதி போட்டிருக்கிறது. மாரித் தண்ணீர் வாவிக்குப் போக அந்த ஒரு வழிதானே உண்டு? ஊரார் ஆட்சேபம் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போடுவோம் என்றேன். வட்டைக்குப் பொறுப்பான விதானை நல்லரத்தினம் அண்ணர் விடவில்லை. "நம்மட பொடியன் அங்க இருக்கக்குள்ள தபால் என்னத்துக்கு? அவன்ட கையில குடு" என்றார். ஆகவே உன் வீட்டுக்கே அனுப்புகிறேன். முப்பதாம் திகதி கடைசி நாள்.

அன்பு அக்கா,
நிருஷா

கொழும்பு
24.06.2023

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. கவலை வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். கருவாடு முடிந்துவிட்டது, சத்தியமாக.

உங்கள் தம்பி,
ரதீஸ்

செட்டிபாளையம் பாடசாலை
02.12.2024

தம்பி,

தொலைபேசியை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். புது வீதி தண்ணீரை மறித்துக்கொண்டு நிற்கிறது. ஐந்து நாளாக வெள்ளம் வடியவில்லை. வட்டை முழுதும் பயிர் அழுகிவிட்டது. பிள்ளைகளோடு இங்கே ஒதுங்கியிருக்கிறோம்.

"மேல இருக்கிறவங்க கேக்கல்ல, பொடியன் என்ன செய்வான்" என்று ஊரே உனக்காகப் பேசுகிறது. எனக்கு மட்டும் சொல். எங்கள் ஆட்சேபத்துக்கு என்ன பதில் சொன்னார்கள்?

அக்கா

கொழும்பு
09.12.2024

அக்கா,

ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒருவரும் அதைப் பார்க்கவே இல்லை.

வரைபடத்தில் அந்த வீதியைக் கீறியவன் நான். உங்கள் கடிதத்துக்கு முந்தின வருடம் ஆகஸ்ட் வெயிலில் வந்து அளந்தபோது வடிச்சல் காய்ந்து, மாடு மேயும் பள்ளமாகக் கிடந்தது. வெறுங்காணி என்று எழுதிவிட்டேன். உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஊரில் பிறந்தவனுக்கே தெரியவில்லையா என்று சிரிப்பார்களே என்ற வெட்கம். வீட்டு மேசை லாச்சியில் வைத்தேன். முப்பதாம் திகதி வரை தினமும் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். நான் செய்தது துரோகம், அக்கா.

இன்று காலை எல்லாவற்றையும் பணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்தேன். வேலை போனாலும் போகலாம். பிரதி இத்துடன் இருக்கிறது. கோயில் கூட்டத்தில் வாசியுங்கள்.

ரதீஸ்

செட்டிபாளையம்
20.12.2024

தம்பி,

வாசித்தேன். ஒருவரும் உன்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். நல்லரத்தினம் அண்ணர் எழும்பி, "தபாலில போடுவம் எண்டு நீ சொன்னாய் தங்கச்சி, நான்தான் மறிச்சன். பிழை என்னில" என்று எல்லோருக்கும் முன்னால் அழுதார். பயிர் போனதைப் பொறுத்துக்கொண்டேன். இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பொங்கலுக்கு வா. ஆனால் நேரே எங்கள் வீட்டுக்கு வராதே. முதலில் நல்லரத்தினம் அண்ணருடைய வீட்டுப் படலையில் போய் நில். உள்ளே கூப்பிட்டால், மறுகா இங்கே வா, சோறு போடுகிறேன். கூப்பிடாவிட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போ.

அக்கா