நம் பேண்டின் தளம் இன்னும் திறக்கிறது

போன மாதம் ஒரு நாள் காலை, அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் கைப்பேசியைப் பார்த்தால் உன் பெயரைச் சொல்லி அழைத்து ஒரு மின்னஞ்சல். நம் பள்ளி பேண்டு வாத்தியக் குழுவின் பொது முகவரிக்கு வந்திருந்தது. அதை இப்போது திறந்து பார்ப்பது நான் ஒருத்திதான். உங்கள் இணையதளத்தின் காலம் முடியப்போகிறது, புதுப்பிக்காவிட்டால் அந்த முகவரி வேறு யாருக்காவது போய்விடும் என்று முகவரி விற்ற கம்பெனியிலிருந்து பணிவாக எழுதியிருந்தார்கள். நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. அந்தக் கம்பெனிக்காரனுக்கு மட்டும் நீ இன்னும் மதிப்புக்குரிய வாடிக்கையாளர். எனக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது. குமணன்சாவடி சிக்னலில் நிற்கும்போதே முடிவு செய்துவிட்டேன், இதைப் போக விடுவதில்லை என்று.

அன்றே நம் பேண்டின் இப்போதைய கேப்டனுக்குச் செய்தி அனுப்பினேன். பதினோராம் வகுப்புப் பெண், நல்ல சுட்டி. உடனே பதில் வந்தது: "விட்டுடலாம்க்கா. அதை யாரும் பாக்கறதே இல்ல. நாங்கதான் இன்ஸ்டால போட்டுக்கினு கீறோமே." அவள் சொன்னது பொய் இல்லை. பள்ளிக்கென்று புதிதாக ஒரு பளபளப்பான தளம் வந்துவிட்டது. அதில் பேண்டுக்கு ஒரே ஒரு படம், அதுவும் நீச்சல் குளப் படத்துக்குக் கீழே. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. நீ கட்டிய வீட்டை நானே பூட்டி, சாவியைத் தெருவில் போட்டுவிட்டு வருவதா?

நம் தளம் பிறந்த இடம் உனக்கு ஞாபகம் இருக்கும். அம்பத்தூர் ஓ.டி.யில், மாடியில் இருந்த அந்த பிரவுசிங் சென்டர். நீ மண்ணூர்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவாய், நான் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பஸ்ஸில் வருவேன். பயிற்சி முடிந்ததும் சீருடையோடு ஓடுவோம். நீ சைடு டிரம், நான் சிம்பல். அந்த இரண்டு பித்தளைத் தட்டுகளைத் தேய்த்த பாலிஷ் வாடை என் கையை விட்டுப் போகாது. கீபோர்டெல்லாம் நாறுகிறது என்று கடைக்காரர் தினமும் முணுமுணுப்பார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, ஓரத்தில் சுழலும் நட்சத்திரம், வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கும் "நல்வரவு". முகவரியோ கூட்ஸ் வண்டி நீளம். எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண்ணை நாமே மாறி மாறித் தட்டி ஏற்றினோம். எதற்கடி இந்தக் கூத்து என்று கேட்டதற்கு நீ சொன்னாய்: "இன்னாடி முறைக்கிற? எங்க ஊட்ல ஃபிரிட்ஜு இல்ல. ஆனா வெப்சைட் கீது. இந்தத் தெருவுல வேற யாருக்குக் கீது, சொல்லு பாப்போம்."

கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கப் போனதும் உனக்குக் கை தேர்ந்தது. கறுப்பைத் துடைத்து வெள்ளையாக்கினாய். முகப்பில் நம் அணிவகுப்புப் படத்தைப் பெரிதாகப் போட்டாய். பள்ளிப் பெயர் இடப்பக்கம் இருந்தது, படத்தில் நாமோ வலப்பக்கம் பார்த்து நடந்துகொண்டிருந்தோம். பெயருக்கு முதுகைக் காட்டுவது போல் இருக்கிறதே என்று படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டாய். அழகாகத்தான் இருந்தது. நம் பேண்டு மாஸ்டர், ராணுவத்தில் ஊதித் தேர்ந்தவர், திரையை ஒரு தடவைதான் பார்த்தார். "இடது கால்ல கிளம்ப வேண்டியவங்க எல்லாரும் வலது காலத் தூக்கினு நிக்கிறீங்க. டிரம்மு இன்னாத்துக்கு வலது தொடையில தொங்குது? யாரு குடுத்த ஆர்டர் இது?" ஊரில் வேறு யாருக்கும் கண்ணில் படாத தப்பு. நீ நாக்கைக் கடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து மாற்றினாய். அதற்குப் பிறகு பெயர்தான் வலப்பக்கம் போனது, நாம் திரும்பவில்லை.

வேலை கிடைத்த கையோடு பேண்டுக்கென்று சொந்த முகவரி வாங்கினாய். ஆண்டுக்கு ஒரு பக்கம் வைத்தாய். யார் எந்த வரிசையில் நடந்தார்களோ அதே வரிசையில் பெயர்கள். அதற்குப் பிறகுதான் வாய்ப்பாடம் வந்தது. டிரம் கம்பைத் தொடுமுன் தாளத்தை வாயால் சொல்லிப் பழகுவது நம் வழக்கம். மாஸ்டர் ஓய்வு பெற்றுப் போனதும், அடுத்து வரும் பிள்ளைகள் தடுமாறக் கூடாது என்று எல்லாத் தாளங்களையும் நீயே சொல்லிப் பதிவு செய்து தளத்தில் ஏற்றினாய். ஸ்டுடியோவா இருந்தது நமக்கு? உன் வீட்டு அடுப்படிதான். நான் பக்கத்தில் நின்று ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எல்லோரும் ஃபேஸ்புக்குக்குக் குடிபோனார்கள். நம் பழைய ஆட்கள் அங்கே லைக் போட்டுக் குவித்தார்கள், இங்கே ஈ ஓட்டினோம். நான்கூட உன்னிடம் சொன்னேன், காலத்தோடு ஒத்துப் போடி என்று. நீ மசியவில்லை. "அங்க போட்டா ரெண்டு நாள்ல அடியில பூடும்டி. இங்க போட்டா கீதுன்னா கீதுதான்." உடம்பு படுத்தி, மருந்து ஏற்றிக்கொண்டு வந்த வாரங்களில்கூட, ஃபோனில் எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறது என்று யாரோ ஒரு பிள்ளை எழுதியதற்காக முழுத் தளத்தையும் ஃபோனுக்கு ஏற்றபடி மாற்றினாய். படுடி என்று திட்டினேன். படுத்துக்கொண்டுதானே செய்கிறேன் என்று காட்டினாய். உன் பிடிவாதத்தில் எனக்குப் பாதி இருந்தால் போதும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். கடவுச்சொல் நம் மாஸ்டரின் பட்டப்பெயர்தான், அது எனக்குத் தெரியும். ஆனால் உள்ளே போக, உன் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும். செத்துப் போனவள் எண்ணை எந்தக் கம்பெனி இத்தனை நாள் விட்டு வைத்திருக்கும் என்று பயந்துகொண்டே ஞாயிற்றுக்கிழமை நசரத்பேட்டைக்குப் போனேன். உன் கணவர் அலமாரியைத் திறந்து உன் ஃபோனை எடுத்து வந்தார். சார்ஜ் முழுதாக இருந்தது.

"ரீசார்ஜ் பண்ணிக்கினுதான் கீறேன்க்கா. இன்னாத்துக்குன்னு கேட்டா தெரியாது."

நான் என் ஃபோனில் பொத்தானை அழுத்தினேன். உன் ஃபோன் டிங்கென்றது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். திரையில் நீயும் உன் மகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு சிரிக்கும் படம். அதன்மேல்தான் அந்த எண் வந்து விழுந்திருந்தது. படியுங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நேரம் கடந்து அது செல்லாமல் போனது. "இன்னொரு வாட்டி அனுப்பச் சொல்லுங்கக்கா, இப்போ சொல்லிடறேன்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது முறை ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகச் சொன்னார். கதவு திறந்தது. தளத்தைப் புதுப்பித்தேன், தொடர்பு எண்ணை என்னுடையதாக மாற்றினேன். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் கை வைக்கவில்லை. அங்கே நீயே இரு.

பாதி வேலைதான் முடிந்திருந்தது. யாரும் வராத வீட்டுக்கு வாடகை கட்டி என்ன பயன்? கேப்டனிடம் நேரில் பேசியே தீருவது என்று சனிக்கிழமை சாயங்காலம் பள்ளி மைதானத்துக்குப் போனேன். சொல்ல வேண்டியதை எல்லாம் வழியிலேயே சண்டைக்குத் தயார் செய்துகொண்டேன்.

நான் வாயைத் திறக்குமுன் அவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். சைடு டிரம் வரிசை கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே கால் போட்டபடி வாய்ப்பாடம் சொன்னது. டர்ரக்கு டம் டம், டர்ரக்கு டம். நாலாவது வரி முடிந்தது. கால் போய்க்கொண்டே இருக்க, மொத்த வரிசையும் ஒரே குரலில் "ம்க்கும்" என்று தொண்டையைச் செருமிவிட்டு ஐந்தாவது வரிக்குப் போனது.

நம் காலத்துத் தாளத்தில் அப்படி ஓர் இடமே கிடையாது.

"நடுவுல அது என்னதும்மா?" என்று கேப்டனைக் கேட்டேன்.

"அதுவா? நாலு லைன் முடிஞ்சா ஒரு ம்க்கும்க்கா. மார்ச் பண்றப்போ அந்த எடத்துல கம்பு மேலயே நிக்கும். போட்டியில ஜட்ஜே கேட்டாரு. நம்ம ஸ்கூல் ஸ்டைலு, வேற யாருக்கும் கெடியாது."

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"போன பேட்ச் அக்காங்க. அவங்களுக்கு அதுக்கு முந்தின பேட்ச்."

கைப்பேசியில் நம் தளத்தைத் திறந்து அவர்கள் நடுவே நீட்டினேன். குக்கர் விசில், பாத்திரம் உருட்டும் சத்தம், அதற்கு நடுவே உன் குரல். டர்ரக்கு டம் டம். நாலாவது வரி முடிந்ததும், உன் அம்மா தாளித்த மிளகாய் நெடி தொண்டையில் ஏறி நீ செருமினாய். அவ்வளவுதான். நிறுத்தித் திரும்பச் சொல்லச் சோம்பல்பட்டு அப்படியே மேலே போனாய். அதைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் அதையும் தாளம் என்று எடுத்துக்கொண்டு, வாய்வழியாக அடுத்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வரிசையில் ஒருத்திகூட உன்னைப் பார்த்ததில்லை, உன் பதிவைக் கேட்டதுமில்லை.

யாரும் சிரிக்கவில்லை. கேப்டன் மெதுவாக, "யாருக்கா இவங்க?" என்றாள்.

உன் பெயரைச் சொன்னேன். இதே வரிசையில் நின்றவள், இந்தத் தளத்தைக் கட்டியவள், என் சிநேகிதி என்று சொன்னேன். சண்டைக்கு வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் தேவைப்படவில்லை. அவள் தன் ஃபோனில் நம் தளத்தைத் திறந்து, ஆண்டுப் பக்கங்களைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "எங்க பேட்ச் இல்லியேக்கா?" என்றாள். நீ போன பிறகு யாரும் ஏற்றவில்லை என்றேன். நாளைக்கே வரிசைப்படி பெயர்களை அனுப்புவதாகச் சொன்னாள். சொன்னபடி அனுப்பினாள், நானும் ஏற்றிவிட்டேன். விட்டுப்போன ஆண்டையும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: "அப்போ அந்த ம்க்கும் தப்புதானேக்கா? எடுத்துட்டு வாசிக்கணுமா?"

"எடுத்துப் பாரு, கம்பை ஒடிச்சிடுவேன்" என்றேன்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மனசு உன்னை அவ்வளவு தேடியது. கையில் சிம்பல் இல்லாமலே வரிசையின் கடைசியில் போய் நின்று, இடது காலை எடுத்து வைத்தேன். நாலாவது வரி முடிந்தது. எல்லோருக்கும் முந்தி, எல்லோரையும்விடச் சத்தமாக, நான்தான் செருமினேன்.