வாத்தியாரம்மாவுக்கு நீ எழுதியது

நம் மகளின் அம்மாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். உன் முதுகுவலி தேவலையா? உங்கள் ஆஸ்பத்திரியில் புது வார்டுக்கு மாற்றினார்களா? விசாரிப்பு இத்தோடு போதும். எனக்கு வயிறு எரிகிறது.

பதினொன்றாம் வகுப்பில் என்ன பிரிவு வேண்டும் என்று பள்ளியில் கேட்டார்கள். நம் வாலு, கணிதமும் இயற்பியலும் என்று எழுதினாள். பாலம் கட்டும் படிப்புக்கு அதுதான் வாசலாம். கடையில் மிச்சமான குழாய்த் துண்டுகளைக் கோத்துப் பாலம் செய்து, "மேல ஏறி நில்லுங்கப்பா" என்றவள் அவள். ஏறினேன். எண்பத்தெட்டுக் கிலோ. அசையவில்லை.

திங்கட்கிழமை வந்த பட்டியலில் அவள் பேருக்கு எதிரே வணிகவியல். பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் லாரிக்காரனுக்குக்கூடக் கையெழுத்துப் போடாதவன் நான். வாத்தியாரம்மா நிரப்பி அனுப்பிய படிவத்தில் மட்டும், கடையில் கூட்டம் என்று, படிக்காமல் போட்டுத் தொலைத்திருக்கிறேன்.

ஷட்டரை இழுத்துவிட்டு நேரே பள்ளிக்குப் போனேன். "யாரைக் கேட்டும்மா மாத்தினீங்க?" என்று கத்தினேன். அந்தம்மா பதறாமல் இழுப்பறையைத் திறந்து உன் கடிதத்தை நீட்டினார். "உங்க வீட்டம்மாதான் சார் எழுதினாங்க, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார். 'பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், கடை இருக்கிறது, பக்கத்திலேயே ஏதாவது படிக்கட்டும்.' உன் கையெழுத்தேதான். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளாத வீடு போலிருக்கிறது என்று அந்த அறையே என்னைப் பார்த்தது.

ஏண்டி, பக்கத்திலேயே என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? நர்ஸ் படிப்புக்கு அனுப்ப மாட்டேன் என்று உன் அப்பா மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தபோது, பெட்டியோடு பஸ் ஏறியவள் நீ. நான் கூடையில் வைத்துத் தெருத்தெருவாகக் குழாய்த் திருகு விற்றபோது, "புடிக்கிறதுதான் புடிக்கிறீங்க, பெரிய கடையா புடிங்க" என்றவளும் நீ. கட்டினவனுக்குப் பெரிசு, பெற்ற மகளுக்குச் சின்னதா? இது எந்த ஊர் நியாயம்?

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அந்தப் பாலத்தைப் பிரித்து, துண்டுகளை அளவு வாரியாக அடுக்கிவிட்டு, "பில் போடக் கத்துக் குடுங்கப்பா" என்று வந்து நின்றாள். யார் மாற்றச் சொன்னது என்று அவளிடம் சொல்லவில்லை. அப்பா புத்திகெட்டுப் போய்ச் செய்த வேலை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

இருபதாம் தேதிக்குள் இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்தால் மாற்றித் தருகிறேன் என்கிறார் தலைமையாசிரியர். புதுப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். என் கையெழுத்து இருக்கிறது. உன்னுடையது வேண்டும். போட்டு உடனே அனுப்பு.

இன்னொன்று. இந்த வருஷ லீவைத் துண்டு துண்டாக எடுக்காதே. சேர்த்து எடுத்துக்கொண்டு வா. அவள் வெளியூர் படிக்கக் கிளம்ப இன்னும் இரண்டு வருஷம்தான் இருக்கிறது.

கோபம் தீராத,
உன் வீட்டுக்காரன்