வீட்டாளுக்குப் போட்ட கதிரை

செவ்வாய்க்கிழமை. விடாத மழை.

இன்னைக்குக் குடல் கிளினிக். டாக்டர், நர்ஸ், சாப்பாடு சொல்லித்தர்ற மிஸ், மனசு விட்டுப் பேச வைக்கிற மிஸ், நாலு பேரும் என்னையச் சுத்தி உக்காந்தாங்க. பக்கத்துல வீட்டாளு உக்காரன்னு ஒரு கதிரை. அதுல என் பையை வச்சேன்.

கொழுந்து எடுக்கையில வயித்தால ரத்தமாப் போனா எங்க ஓடுவீங்கன்னு நர்ஸ் கேட்டாங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. தேயிலைக்குள்ளதான்னு சொல்றதுக்குள்ள அழுகை வந்துருச்சு.

"அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க"ன்னாங்க. தலையாட்டினேன்.

அவருகிட்ட வெறும் வயித்தெரிச்சல், கேஸ்டிக்னுதான் சொல்லி வச்சிருக்கேன். படுக்கையில, "என்னவாம்?"னு கேட்டாரு.

"மொளகா சேக்கக்கூடாதாம். நீங்களும் ஒருக்கா வரணுமாம்."

"அப்ப எனக்குத் தனியா ஆக்கு"ன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டாரு.

அடுத்த தடவையும் அந்தக் கதிரையில பையைத்தான் உக்கார வைக்கணும்.